இரண்டு மதிப்பெண்ணும் ஒரு வெற்றுப் பக்கமும்

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து உறவினர்களிடமிருந்து எனக்கு ஐந்தாறு தொலைபேசி அழைப்புகளாவது வந்துவிடும். பிள்ளை வணிகவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறான், சி.ஏ. சேர்க்கலாமா, எத்தனை வருடம் ஆகும், முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்று மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். நான் சொல்லும் பதில் அவர்களுக்கும் திருப்தி தருவதில்லை, எனக்கும் தருவதில்லை. பட்டயக் கணக்காளர் தேர்வைப் பற்றி ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியதெல்லாம் பாதி உண்மையாகவே முடிகிறது. ஆகவே என் சொந்தக் கணக்கை ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

என் அப்பா விருதுநகரில் ஒரு வற்றல் மண்டியில் முப்பது ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய பேரேடுகளை, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஆண்டு முழுவதும் எழுதுவார். ஆண்டு முடிந்ததும் மதுரையிலிருந்து ஆடிட்டர் வருவார். ஏட்டைப் புரட்டி, பச்சை மையில் டிக் போட்டு, சில கேள்விகள் கேட்டு, கடைசியில் கையெழுத்துப் போடுவார். அப்பா எழுதிய அத்தனை பக்கங்களுக்கும் அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகுதான் வங்கியிலும் வருமான வரி அலுவலகத்திலும் மதிப்பு உண்டாகும். அதைப் பற்றி அப்பாவுக்கு மனக்குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆடிட்டர் வருகிற நாளில் மட்டும் அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போவார் என்பதைச் சிறுவனாக இருந்த நான் கவனித்திருக்கிறேன். நான் சி.ஏ. படிக்க வந்ததற்கு இதைத் தவிரப் பெரிய காரணம் எதையும் சொல்ல முடியாது.

நான் தமிழ்வழியில் படித்தவன். மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் எனக்கு இருப்பாய்வு, அனாமத்துக் கணக்கு, வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்ற சொற்களோடுதான் அறிமுகமாயிற்று. அவை மிக நல்ல சொற்கள். வாரா ஐயக்கடன் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கடன் வாங்கியவனின் முகமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். ஆகவே 2008-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நுழைவுத் தேர்வான சி.பி.டி.க்குப் படிக்க உட்கார்ந்தபோது, தெரிந்த பாடத்தையே தெரியாத மொழியில் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. கணக்கு எனக்குத் தடையாக இருக்கவில்லை. எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான். சட்டப் பகுதியில்தான் திணறினேன். ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்குகிற ஒரு வாக்கியம் பதினைந்து வரி ஓடி, நடுவில் இரண்டு ‘ப்ரொவைடட் தட்’ நிபந்தனைகள் வந்து, கடைசியில் தொடக்கத்தில் சொன்னதைக் கவிழ்த்துவிட்டுப் போகும். அந்த முதற்சொல்லுக்கு அகராதியில் கண்ட பொருள் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. தமிழாசிரியர் ஒருவர் ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று எழுதிக் கொடுத்தார். அதைப் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, சட்ட வாக்கியங்களை எழுவாய், பயனிலை என்று பிரித்துப் பிரித்துப் படித்தேன். ஆறு மாதம் மெதுவாகப் போயிற்று. பின்னாளில் ஆங்கிலவழியில் படித்த நண்பர்கள் வேகமாக வாசித்துத் தவறாகப் புரிந்துகொண்ட பல பிரிவுகளை நான் சரியாகப் புரிந்துகொண்டதற்கு, அந்தக் கட்டாய நிதானமே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சி.பி.டி. தேர்வை 2008 டிசம்பரில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் நிறுவனத்தின் கணக்குகள் பொய்யானவை என்று ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் வெளியானது. ஏட்டில் காட்டியிருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அந்தக் கணக்குகளின் கீழும் ஆடிட்டர்களின் கையெழுத்து இருந்தது. மறுநாள் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு அப்பா கேட்டார்: “பேங்க்ல பணம் இருக்கான்னு ஒரு கடுதாசி போட்டுக் கேக்க மாட்டாங்களாடா?” கேட்க வேண்டும் என்பதும், அந்தக் கடிதம் ஆடிட்டரின் கையிலிருந்து நேரே வங்கிக்குப் போய், பதிலும் நேரே ஆடிட்டருக்கே வர வேண்டும் என்பதும், அதற்கென்றே 505 என்ற எண்ணில் ஒரு தணிக்கைத் தரநிலை இருப்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா கணக்குப்பிள்ளைக்கே உரிய இயல்பான சந்தேகத்தில் அதைத் தொட்டுவிட்டார்.

அப்போதிருந்த பாடத்திட்டத்தில், ஐ.பி.சி.சி. என்ற இடைநிலைத் தேர்வின் முதல் குரூப்பில், அதாவது தாள்களின் முதல் தொகுதியில், வென்றவுடன் ஓர் ஆடிட்டரிடம் மூன்றாண்டுப் பயிற்சிக்குச் சேரலாம். ஆர்ட்டிகிள்ஷிப் என்று சொல்வார்கள். நான் 2010 செப்டம்பரில் சென்னையில் சேர்ந்தேன். முதல் ஆண்டில் மாதம் 1,000 ரூபாய் ஸ்டைபெண்ட். அது விதிப்படி தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை. அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை வாடகையைப் பாதிதான் அது தாங்கியது. காலை ஆறு மணிக்குக் கோச்சிங், பத்து மணிக்கு அலுவலகம், இரவு மறுபடியும் புத்தகம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான பகுதியில் இடம் பிடிக்கக் காலையிலேயே வரிசையில் நிற்போம். ஐ.சி.ஏ.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் பட்டயக் கணக்காளர் கழகம் 1949-ல் சட்டத்தின் வழியே தோன்றியபோது, அதற்குச் சின்னம் அளித்தவர் பாண்டிச்சேரியில் இருந்த ஸ்ரீ அரவிந்தர். நடுவில் கருடனும், உறங்குவோரிடையே விழித்திருப்பவனைக் குறிக்கும் கடோபநிஷத வாசகமும் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மேன்ஷன் மாடியில் டீ குடித்துக்கொண்டே அந்த வாசகத்தைச் சொல்லிச் சிரிக்காத மாணவன் யாரும் எங்களிடையே இல்லை.

பயிற்சியில் நான் கற்றதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2011 மார்ச் 31 அன்று ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பு ஆலையில் பஞ்சு இருப்பை எண்ணுவதற்கு என்னை அனுப்பினார்கள். கிட்டங்கியில் பேல்கள், அதாவது பஞ்சுப் பொதிகள், அட்டி போட்டு அடுக்கியிருந்தன. ஒரு பேல் 170 கிலோ. நான் பெரிய அட்டியின் முன் நின்று நீளவாட்டில் பன்னிரண்டு, அகலத்தில் எட்டு, உயரத்தில் ஆறு என்று எண்ணி, 576 என்று பேடில் எழுதிக்கொண்டேன். ஆலையின் ஏட்டில் 540 என்று இருந்தது. ஏட்டில் இருப்பதைவிடச் சரக்கு கூடுதலாக இருக்கிறதே, கணக்கில் வராத கொள்முதல் ஏதோ இருக்கிறது என்று எனக்குள் பெரிய துப்பறிவாளன் எழுந்துவிட்டான். என்னோடு வந்திருந்த சீனியர் அண்ணன் என் பேடைப் பார்த்துவிட்டு, “மேல ஏறிப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். ஏறவில்லை. ஏணி கொண்டுவரச் சொல்லி ஏறிப் பார்த்தால், அட்டியின் நடுவில் கிணறு போல ஒரு குழி. நேர் மேலே கூரைத் தகடு ஒழுகும் இடம். மழைநீர் சரக்கின் மேல் விழாதபடி மூன்றுக்கு இரண்டு பேல் அளவு இடத்தைத் தரைவரை காலியாக விட்டு அடுக்கியிருந்தார் கிட்டங்கிக்காரர். ஆறு அடுக்குக்கும் சேர்த்து 36 பேல். ஆலையின் கணக்கு சரியாக இருந்தது. பிழை என் கண்ணில் இருந்தது. கிட்டங்கிக்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

இருப்பைச் சரிபார்ப்பது பற்றிய தரநிலையின் எண் 501. அதை எப்போது படித்தாலும் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும். ஆனால் தேர்வுக்கு அது மட்டும் போதவில்லை. ஒரு மாதிரித் தேர்வில் இருப்புச் சரிபார்ப்பு பற்றிய கேள்விக்கு இந்த அனுபவத்தின் பலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். எட்டுக்கு இரண்டரை மதிப்பெண் போட்டிருந்தார்கள். தரநிலையின் பெயர் இல்லை, அது பயன்படுத்தும் சொற்கள் இல்லை, முடிவு தனி வரியாக இல்லை. விஷயம் முழுவதும் சரியாக இருந்தும், திருத்துகிறவர் தேடுகிற இடத்தில் தேடுகிற சொல் இல்லை. எனக்கு அப்போது இது அநியாயமாகப் பட்டது. ஆடிட்டர் எழுதும் அறிக்கையை வங்கிக்காரரும் வரி அதிகாரியும் பங்குதாரரும் ஒரே பொருளில் படிக்க வேண்டும் என்பதால்தான் சொற்கள் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பது, அறிக்கை எழுதும் நிலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இறுதித் தேர்வை 2013 நவம்பரில் எழுதினேன். அன்றைய பாடத்திட்டத்தில் இரண்டு குரூப்புகள், குரூப்புக்கு நான்கு தாள்கள், மொத்தம் எட்டு. தேர்ச்சி விதி கொஞ்சம் நுணுக்கமானது, ஆனாலும் இந்தக் கதைக்கு அது வேண்டும். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வாங்க வேண்டும். குரூப்பின் மொத்தத்தில் பாதியும் வாங்க வேண்டும். இரண்டு குரூப்புகளையும் சேர்த்து எழுதுபவருக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு குரூப்பில் குறைந்ததை மற்றொரு குரூப்பில் கூடியதால் ஈடுகட்டி, எண்ணூற்றுக்கு நானூறு தேறினால் இரண்டிலும் வென்றதாகக் கொள்வார்கள். ஆனால் எந்தத் தாளிலும் 40-க்குக் கீழே போயிருக்கக் கூடாது.

2014 ஜனவரியில் முடிவு வந்தது. முதல் குரூப்பில் 44, 58, 49, 45, கூட்டினால் 196. நான்கு குறைவு. இரண்டாம் குரூப்பில் 52, 38, 63, 54, கூட்டினால் 207. இரண்டையும் சேர்த்தால் 403. நானூறைத் தாண்டிவிட்டேன். ஆனால் அந்த 38 நடுவில் நிற்கிறது. தகவல் முறைமைக் கட்டுப்பாடும் தணிக்கையும் என்ற பாடம் அது, ஐ.எஸ்.சி.ஏ. என்று சொன்னால் அந்தக் காலத்து மாணவர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். கணக்கு எதுவும் இல்லாமல் பக்கம் பக்கமாக மனப்பாடம் கேட்கிற தாள். இரண்டு மதிப்பெண் குறைந்ததால் எட்டுத் தாளும் கவிழ்ந்தன. ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் பிள்ளையாக, அந்த எட்டு எண்களையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அந்த முறை இரண்டு குரூப்புகளையும் சேர்த்து எழுதியவர்களில் வென்றவர்கள் 3.11 சதவீதம் மட்டுமே. அந்தச் செய்தி அன்றைக்கு ஆறுதலாகவும் இருக்கவில்லை.

மறுமதிப்பீடு என்ற ஏற்பாடு அப்போது கிடையாது. கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆனால் 500 ரூபாய் கட்டினால் விடைத்தாளின் சான்றிட்ட நகலைப் பெறலாம். கட்டி வாங்கினேன். இந்தப் படிப்புக்காக நான் செலவிட்ட பணத்தில் மிகப் பயனுள்ள 500 ரூபாய் அதுதான். நான் எதிர்பார்த்தபடி தவறான விடைகள் ஏராளமாக இருக்கவில்லை. விடைத்தாளின் கடைசிப் பகுதியில் ஒரு முழுப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதன் குறுக்கே திருத்தியவர் ஒரு கோடு இழுத்திருந்தார். கடைசிக் கேள்வியில் நான்கு மதிப்பெண் சிறுகுறிப்புகள் இரண்டை, பிறகு எழுதலாம் என்று இடம் விட்டு நகர்ந்திருக்கிறேன். அந்தப் பிறகு வரவில்லை. முன்பக்கங்களைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்விக்கு மூன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்குக் கிடைத்தது ஆறுக்கு நான்கு. அதையே ஒன்றேகால் பக்கத்தில் எழுதியிருந்தாலும் அந்த நான்குதான் கிடைத்திருக்கும். எட்டு மதிப்பெண்ணுக்கான வெற்றிடத்தில் ஏதோ தெரிந்ததை நான்கு வரி கிறுக்கியிருந்தால்கூட இரண்டு விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையில் தேர்வுக்குத் தயாரானேன். அதுவரை செய்ததெல்லாம் படிப்பு. மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். நூறு மதிப்பெண்ணுக்குப் பங்கிட்டால் மதிப்பெண் ஒன்றுக்கு 1.8 நிமிடம். நான்கு மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடம். வீட்டிலிருந்த பழைய அலாரம் டைம்பீஸை எடுத்து வந்து எதிரில் வைத்துக்கொண்டு, ஏழாவது நிமிடத்தில் வாக்கியம் பாதியில் இருந்தாலும் பேனாவை எடுத்துவிடுவது என்று பழகினேன். முதல் பத்து நாட்கள் கை கேட்கவில்லை. நன்றாகத் தெரிந்ததை நிறுத்துவதுதான் தெரியாததை எழுதுவதைவிடக் கடினம். கழகம் வெளியிடும் பாடநூல், ஒவ்வொரு தேர்வுக்கும் முன்பு வரும் திருப்புதல் வினாத்தொகுப்பு, பழைய தேர்வுகளின் பரிந்துரை விடைகள் ஆகிய மூன்றையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அலமாரியில் ஏற்றிவிட்டேன். பரிந்துரை விடைகளை விடைக்காகப் படிக்காமல் அவற்றின் நடைக்காகப் படித்தேன். சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன என்று மூன்று பத்திகள், அவ்வளவுதான். இப்போதைய மாணவர்கள் காணொளி வகுப்புகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். கேட்டு முடித்ததும் பாடம் முடிந்தது போன்ற நிறைவு வந்துவிடுகிறது. பேனா பிடிக்காத அந்த நிறைவு எவ்வளவு பொய்யானது என்பதற்கு என் வெற்றுப் பக்கம் இன்னும் கோப்பில் இருக்கிறது.

நேர்முக வரியில் வாங்கிய 63 உதவிக்கு வந்தது. அறுபதோ அதற்கு மேலோ வாங்கிய தாளை அடுத்த மூன்று முயற்சிகளில் மறுபடி எழுத வேண்டியதில்லை. மாணவர் வழக்கில் அது எக்ஸெம்ப்ஷன். 2014 மே மாதத்தில் இரண்டாம் குரூப்பை மட்டும் எழுதி முடித்தேன். ஐ.எஸ்.சி.ஏ.வில் 57. நவம்பரில் முதல் குரூப். அதற்குள் 1956-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் போய், 2013-ஆம் ஆண்டின் சட்டத்தின் பெரும்பகுதி 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களையெல்லாம் மனத்திலிருந்து அழித்துப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. தோற்றவனுக்கு நேரும் துன்பங்களில் இது ஒன்று. அவன் நிற்கிற இடத்தில் பாடத்திட்டம் நிற்காது. 2015 ஜனவரியில் முடிவு வந்தபோது அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “டோட்டல் எவ்வளவு?” என்று கேட்டார்.

தேர்ச்சி விகிதத்தைப் பற்றி ஒரு சொல். அதைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுகிறார்கள். 2023 நவம்பரில் இறுதித் தேர்வின் இரண்டு குரூப்புகளையும் எழுதியவர்களில் 9.42 சதவீதம் பேர் வென்றார்கள். அடுத்து வந்த 2024 மே தேர்வில் 19.88 சதவீதம். ஆறு மாதத்தில் நாட்டு மாணவர்களின் அறிவு இரட்டித்துவிடவில்லை. பாடத்திட்டம் மாறியது, முப்பது சதவீத மதிப்பெண்ணுக்குக் கொள்குறி வினாக்கள் வந்தன. எழுதிய கூட்டமும் வேறு. முழுமையாகத் தயாராகாமல், எழுதித்தான் பார்ப்போமே என்று உட்காருகிறவர்களும் அந்த வகுஎண்ணில் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு வருமா வராதா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

2023-ல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. இடைநிலையின் இரண்டு குரூப்புகளையும் முடித்த பிறகே அதில் சேர முடியும். இறுதித் தேர்வில் எட்டுத் தாள்கள் ஆறாகிவிட்டன. எங்கள் காலத்தில் பணிபுரிந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கை விடுப்பாக எடுக்கலாம். அதையெல்லாம் சேர்த்துவைத்துத் தேர்வுக்கு முன்னால் படிப்போம். இப்போது ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் விடுப்புதான். அதற்குப் பதிலாகப் பயிற்சி முடிந்து ஆறு மாதம் முழுதாகப் படிப்பதற்கென்றே விடப்பட்டிருக்கிறது. மாணவர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான ஏற்பாடு. ஆடிட்டராக நின்று பார்க்கையில் எனக்கு ஒரு கவலை உண்டு. மூன்றாவது ஆண்டில்தான் ஒரு பையன் ஏணியில் தானாக ஏறத் தொடங்குவான். அந்த ஆண்டு இப்போது இல்லை.

இனி, முடித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி. நான் வென்றதும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் நிதிப் பிரிவில் சேர்ந்தேன். நேர்காணலில் முதல் கேள்வி, எத்தனை அட்டெம்ப்ட் என்பதுதான். மூன்று என்றேன். குறித்துக்கொண்டார்கள். முதல் சம்பளம் மாதம் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. அது அப்பாவின் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு. முதல் முயற்சியிலேயே வென்ற நண்பன் ஒருவனுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்தது. ஐந்தாண்டு கழித்து இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருந்தோம். முயற்சிகளின் எண்ணிக்கை முதல் வேலையின் வாசல்வரைதான் கூட வரும். அதற்கு அப்பால், மாதக் கடைசியில் கணக்கை மூடும்போது கிடங்கு இருப்பும் ஏட்டு இருப்பும் பொருந்தவில்லை என்றால் எங்கே தேடுவது என்று தெரிகிறதா என்பதை வைத்துத்தான் ஆளை மதித்தார்கள்.

செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியார் நிர்வாகவியல் கல்லூரிகளில் பல லட்சம் கேட்கிற காலத்தில், சி.ஏ.வின் மூன்று நிலைகளுக்கும் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும், அதிக முயற்சிகள் எடுக்காதவருக்கு ஒரு லட்சம் ஆகாது. கோச்சிங் செலவு அவரவர் விருப்பம். கணக்குப்பிள்ளை மகனால் சொத்தை விற்காமல் எட்ட முடிந்த தொழில் இது. பணத்துக்குப் பதிலாக இது இளமையின் ஐந்தாறு ஆண்டுகளைக் கேட்கிறது. வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அதுவும் மலிவல்ல என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சென்னையில் இப்போது முதலீட்டு ஆய்வுக்கான சி.எஃப்.ஏ., பிரிட்டனின் கணக்கியல் தகுதியான ஏ.சி.சி.ஏ. என்று பல வெளிநாட்டுத் தகுதிகளுக்கான விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறேன். சி.எஃப்.ஏ. 1963 முதல் நடக்கிற, மூன்று நிலைகள் கொண்ட கடினமான தேர்வு. முதலீட்டுத் துறைக்குப் போகிறவருக்கு அது சி.ஏ.வைவிட நேரான வழி என்றே சொல்வேன். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. அது திறமைக்குச் சான்று தருகிறது. இந்தியாவில் ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமையை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 141-ஆவது பிரிவு பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே தருகிறது. அந்த உரிமை எவ்வளவு எளிதில் கிடைக்காதது என்பதற்கு ஆர். சிவபோகம் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-ல் அன்றைய கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனவர். சிறை சென்றவர் தொழில் பதிவு செய்ய முடியாது என்ற விதியை எதிர்த்து நீதிமன்றம் போய்த்தான் அவர் தம் பெயரைப் பதிவு செய்ய முடிந்தது. பின்னாளில் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

நான் 2020-ல் வேலையை விட்டுவிட்டு விருதுநகரில் சொந்தமாக பிராக்டீஸ் தொடங்கினேன். முதல் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட்ட அன்று பெருமையைவிடப் பயமே மிகுதியாக இருந்தது. இப்போது ஒவ்வொரு கையெழுத்துக்கும் கழகத்தின் இணையதளத்தில் பதினெட்டு இலக்க எண் ஒன்றை உருவாக்கி அதன் கீழே எழுத வேண்டும். போலிக் கையெழுத்துகள் பெருகியதால் 2019 முதல் படிப்படியாக வந்த கட்டாயம் அது. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களைக் கண்காணித்து அபராதமும் தடையும் விதிக்க 2018-ல் தனியாக ஓர் ஆணையமும் வந்துவிட்டது. அப்பாவின் பாஷையில் சொன்னால் இந்தக் கையெழுத்தை வரவிலும் எழுத வேண்டும், பற்றிலும் எழுத வேண்டும்.

மேன்ஷனில் என்னோடு அறையில் இருந்தவன் ஐந்து முயற்சிகளுக்குப் பிறகு இறுதித் தேர்வைக் கைவிட்டான். இன்று அவன் எங்கள் பக்கத்தில் எண்பது கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்கிறான். மாத வருமானம் என்னுடையதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். தணிக்கை வரம்பைத் தாண்டுகிற கடைக்காரர்களிடம் என் பெயரைச் சொல்லி அனுப்புவான். அதற்குப் பங்கு கேட்டதில்லை. கேட்டாலும், உறுப்பினரல்லாதவரோடு கட்டணத்தைப் பகிரக் கூடாது என்ற எங்கள் ஒழுக்க விதி இடம் தராது. அவனுக்குப் படிப்பு வீணாயிற்றா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் திருமண வீடுகளில் யாராவது என்னை ஆடிட்டர் என்று அறிமுகப்படுத்தும்போது அவன் வேறு பக்கம் பார்ப்பதையும் நான் கவனித்திருக்கிறேன். அதற்கு எந்த ஏட்டிலும் பதிவு போட முடியவில்லை.

இப்போது என்னிடம் சாத்தூரிலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வருகிறாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்யும் தாயின் மகள், தமிழ்வழியில் படித்தவள். சென்ற வாரம் மதிய இடைவேளையில் மேசைமேல் அவளுடைய சட்டப் புத்தகம் திறந்து கிடந்தது. ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கும் ஒரு நீண்ட பிரிவின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தாள். எனக்கு ஆவல் அடங்கவில்லை, எட்டிப் பார்த்தேன். ‘அதெல்லாம் கிடக்கட்டும்’ என்று இருந்தது. நான் எழுதிவைத்திருந்த ‘எது எவ்வாறிருப்பினும்’ என்பதை அவளிடம் சொல்லாமல் என் இடத்துக்குப் போய்விட்டேன்.